இலைக்குப் பேச ஆள் உண்டு

அந்த அட்டையைப் பஞ்சாங்கத்துக்குள் வைத்திருக்கிறேன். நல்லூர்த் திருவிழாவுக்கென்று ரொறன்ரோவிலிருந்து வந்த பெறாமகள், திரும்பிப் போகிற அன்று விடியப்புறம், வான் வந்து படலையடியில் நிற்க, "என்ர வேலை நம்பரும் இதில இருக்கு சித்தப்பா" என்று கையில் திணித்துவிட்டுப் போனாள். தடித்த தாள். எழுத்துகள் மேலெழும்பி நிற்கின்றன. இருட்டில் விரலால் தடவினாலும் தட்டுப்படும். அவளுடைய பெயர், கீழே பதவி: பொதுசனத் தொடர்புப் பணிப்பாளர். அதற்கும் கீழே நிறுவனத்தின் பெயர். காட்டையும் ஓடையையும் நினைவூட்டுகிற பெயர். என்ன விற்கிறார்கள் என்பதற்கு அட்டையில் அடையாளமே இல்லை. அவர்கள் விற்பது கஞ்சா. கனடாவில் 2018 ஒக்டோபர் 17 முதல் அது சட்டத்துக்குட்பட்ட பண்டம். வரி கட்டுகிறார்கள், அவளைப் போலப் படித்த பிள்ளைகளுக்கு நல்ல சம்பளமும் கொடுக்கிறார்கள். எல்லாம் எனக்கு முன்னமே தெரியும். ஆனாலும் இராகுகாலம் பார்க்கப் பஞ்சாங்கத்தைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும் நெஞ்சுக்குள் ஏதோ இடறுகிறது. வெட்கமா என்று என்னைக் கேட்டுப் பார்த்தேன். அவள் ஒளித்துச் செய்யவில்லை, பொய் சொல்லியும் செய்யவில்லை. எனக்கு வெட்கம் ஏன்? ஒழுக்கத்தின் பேரில் கோபம் என்றும் சொல்ல முடியாது. சுருட்டும் கள்ளும் புழங்கிய வீட்டில்தான் வளர்ந்தேன். பல மாதம் கழித்துத்தான் என்னை இடறுவது அந்தப் பதவியின் பெயர் என்று பிடிபட்டது. அதே வேலையை, அந்தப் பெயர் இல்லாமல், நானும் செய்திருக்கிறேன்.

இங்குள்ள ஒரு நாளிதழின் இரவு மேசையில் பல வருடம் இருந்தவன் நான். சாப்பிட்டுக் கை கழுவி வந்து உட்காருகிற நேரத்துக்குக் கடற்படை ஊடகப் பிரிவின் அறிக்கை வந்திருக்கும். கூடவே படங்கள். மாதகல், வல்வெட்டித்துறை, மணற்காடு, உடுத்துறை, நெடுந்தீவு என்று இடம் மாறும், படம் மாறாது. மண்ணிற ரேப் சுற்றிய பொதிகள், அரிந்த கல் அடுக்கியதுபோல் வரிசையாக. பின்னால் ஒரு டிங்கிப் படகு, சில நாள் அதன் இயந்திரம் மட்டும். ஒரு பக்கத்தில் வெறுங்காலோடு குந்தியிருக்கிற இரண்டு பேர், முகம் மங்கலாக்கப்பட்டு. பொதிகளோ அத்தனை துல்லியம். ரேப்பின் மடிப்பில் ஒட்டிய மணல்கூடத் தெரியும். வசனங்களும் மாறாதவை. இத்தனை கிலோ கேரள கஞ்சா, மதிப்பிடப்பட்ட பெறுமதி இத்தனை மில்லியன் ரூபாய், சந்தேகநபர்கள் மேலதிக நடவடிக்கைக்காகப் பொலிஸாரிடம் ஒப்படைக்கப்பட்டனர். எண்ணையும் ஊரையும் மாற்றித் தலைப்புப் போடுவேன். பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடத்தில் நான் செய்தது என்ன என்று இப்போதுதான் யோசிக்கிறேன். சரக்கின் தரத்தைச் சொன்னேன், எந்தக் கரையில் இறங்குகிறது என்று சொன்னேன், விலை என்ன என்று ஒருநாளும் மறக்காமல் சொன்னேன். ஒரு பண்டத்தை ஊருக்கு அறிமுகப்படுத்துகிறவன் இதைவிட வேறென்ன சொல்லப்போகிறான்? தோட்டத்தில் நாட்கூலிக்குக் கொத்துகிற பொடியன் ஒருவன் காலையில் தேத்தண்ணிக் கடையில் அந்தப் பக்கத்தை விரித்து, மில்லியனைக் கிலோவால் மனதுக்குள் பிரித்துப் பார்த்திருப்பான். அந்தக் கணக்கை அவனுக்கு எழுதிக் கொடுத்தவன் நான்.

'கேரள' என்ற சொல்லடியில் கொஞ்சம் நிற்கவேண்டும். கொழும்பில் அதைச் சுருக்கி 'கேஜி' என்கிறார்கள். அங்கே அது தரத்தின் முத்திரை. இடுக்கி மலையில் ஒருகாலம் விளைந்த சரக்குக்கு அப்படியொரு பெயர். 'இடுக்கி கோல்ட்' என்றே 2013இல் மலையாளத்தில் ஒரு படம் வந்தது. ஆனால் இன்று தென்னிந்தியாவில் பிடிபடுகிற கஞ்சாவின் பெரும்பங்கு ஆந்திர–ஒடிசா எல்லை மலைகளில் விளைகிறது. 2021இன் கடைசியில் ஆந்திரப் பொலிஸார் 'பரிவர்த்தனா' என்று பெயர் வைத்து அங்கே ஆயிரக்கணக்கான ஏக்கர் செடியை வெட்டிச் சாய்த்தார்கள். 2022 பெப்ரவரியில் அனகாபள்ளிக்கு அருகே இரண்டு லட்சம் கிலோவைக் குவித்து எரித்தார்கள். அந்த மலையில் ஓர் ஏழை விவசாயி நட்டது, லொறியேறித் தமிழ்நாட்டைக் கடந்து, இராமநாதபுரம் பக்கமோ வேதாரணியம் பக்கமோ படகேறி, எங்கள் கரையில் கால்வைக்கும்போது கேரளத்தில் பிறந்ததாகிவிடுகிறது. பெயர் வைத்தது யார் என்று தேடினால் ஆள் அகப்படமாட்டார். விற்றவன் சொன்னான், பிடித்தவன் சொன்னான், நான் எழுதினேன். சம்பளமில்லாமல் மூன்று பேர் சேர்ந்து கட்டிக் காத்த பெயர் அது.

இதே கடலில் இன்னோர் இலை எதிர்த்திசையில் போனது. எங்கள் அப்புவின் தோட்டத்தில் தை, மாசியில் புகையிலை முழங்காலுக்கு மேல் நிற்கும். வெட்டி, வாட்டி, கொட்டிலில் தூக்கிப் பொச்சுமட்டையால் புகை போடுவார்கள். அந்தப் புகை கண்ணை எரிக்கும், ஆனால் அதற்குள் ஒரு இனிப்பு உண்டு. அப்புவின் சால்வையில், அவர் கைபட்ட சோற்றில்கூட அது இருந்தது. அந்த இலையின் ஒரு வகை மலையாள நாட்டுக்கென்றே விளைந்தது. திருவிதாங்கூரில் புகையிலை அரசின் தனியுரிமையாக இருந்தது. திவான் மாதவராவ் காலத்தில், 1863இல்தான் அது நீங்கியது. அதற்கு முன்னும் பின்னும் கட்டுக்கட்டாக இங்கிருந்து போயிற்று. போன இடத்தில் அதற்கு 'ஜாப்பாணம்' என்று பெயர், அதாவது யாழ்ப்பாணம். இங்கே நாங்கள் அதை மலையாளப் புகையிலை என்றோம். விளைவித்தவன் வாங்குகிறவனின் நாட்டைச் சொன்னான், வாங்கியவன் விளைவித்தவனின் நாட்டைச் சொன்னான். அதில் ஒரு மரியாதை இருந்ததாக எனக்குப் படுகிறது. கேரள கஞ்சா என்று எழுதுகையில் அந்தப் பழைய கொடுக்கல் வாங்கலின் நிழல் என் மனதில் விழுந்ததேயில்லை. கடல் தாண்டும்போது பெயர் மாறுவது எங்களுக்குப் புதிதுமல்ல. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி 1938இல் அமெரிக்காவின் குளோஸ்ரர் துறையை அடைந்தபோது அதன் பெயர் புளோரன்ஸ் சி. றொபின்சன், வாங்கியவரின் மனைவி பெயர். பலகை அதே பலகைதான்.

பெறாமகளிடம் ஒருநாள் பின்னேரம் விறாந்தையில் வைத்துக் கேட்டேன். வெளியே மழை இருட்டியிருந்தது. "நீ அங்க என்னம்மா செய்யிறனீ?" "நான் விக்கிறேல்ல சித்தப்பா. கதைக்கிறன், அவ்வளவுதான்." பிறகு விரல்விட்டு எண்ணி விளங்கப்படுத்தினாள். கனடாச் சட்டப்படி கஞ்சா விளம்பரத்தில் ஆளின் படம் வரக்கூடாது, மிருகத்தின் படம் வரக்கூடாது. பிரபலமான ஒருவர் நல்லதென்று சொல்லக்கூடாது. குடித்தால் உற்சாகம், கவர்ச்சி, துணிச்சல் என்று எந்த வாழ்க்கையோடும் முடிச்சுப் போடக்கூடாது. பெட்டி அலங்காரமின்றி இருக்கவேண்டும். மஞ்சள் கட்டத்தில் எச்சரிக்கை, சிவப்பு அடையாளம், பிள்ளைகள் திறக்க முடியாத மூடி. "அப்ப என்னதான் மிஞ்சுது?" "சொல்லு மட்டும்தான் மிஞ்சுது." அதை அவள் பெருமையோடு சொன்னாள், அந்தப் பெருமை எனக்குப் பிடித்தும் இருந்தது. வேலையை மதிக்கிற பிள்ளை. நிருபர் தொலைபேசி எடுத்தால் எந்தச் சொல்லைச் சொல்வது, நகரசபைக் கூட்டத்தில் பக்கத்து வீட்டுக் கிழவி மணம் பற்றிக் கத்தினால் யார் எழும்பிப் பதில் சொல்வது, ஒரு தொகுதிச் சரக்கில் பூஞ்சணம் கண்டால் எத்தனை மணித்தியாலத்துக்குள் ஒப்புக்கொள்வது, இவையே அவளுடைய நாள். 2019இல் அங்கே வந்த ஒரு சட்டத்தையும் சொன்னாள். சும்மா கையில் வைத்திருந்ததற்காக முன்பு தண்டனை பெற்றவர்கள் குற்றப்பதிவை ஒதுக்கிவைக்கக் காசில்லாமல் விண்ணப்பிக்கலாம். அதை ஆட்களுக்கு விளங்கப்படுத்துகிற துண்டுப்பிரசுரத்தை அவளே எழுதினாளாம். 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணைக்குழு 27க்கு 25 என்ற வாக்கில் கஞ்சாவை மிகக் கடுமையான நாலாம் அட்டவணையிலிருந்து எடுத்ததையும், இந்தியா அதற்கு ஆதரவாக வாக்களித்ததையும் அவள் வாயால்தான் முதலில் கேட்டேன். இரவு மேசையில் இருந்த எனக்கு அது தெரியவில்லை.

பேச்சுவாக்கில் அவள் சொன்ன ஒரு சொல் என்னை விடவில்லை. "சட்டம் வர முந்தி வித்தவையை நாங்கள் கள்ளக்கடத்தல்காரர் எண்டு சொல்லுறேல்ல. லெகசி எண்டுவம்." "அதெண்டால்?" கொஞ்சம் தேடினாள். "முதுசம் மாதிரி, சித்தப்பா." முதுசம். தேசவழமையில் உள்ள சொல். தகப்பன் வழியாகத் தலைமுறை தலைமுறையாக வருகிற சொத்து. காணி உறுதியில் அந்தச் சொல்லைப் பார்த்து வளர்ந்தவன் நான். வடமராட்சிக் கரையில் அந்தக் காலம் சேலையும் பீடியும் இரவோடிரவாக வந்து இறங்கிய கதையை யாரும் குற்றக் கதையாகச் சொல்லிக் கேட்டதில்லை. படகோட்டியின் கெட்டித்தனம், நட்சத்திரம் பார்த்து வழி பிடித்தது, சுங்கக்காரனுக்குக் கண்ணில் மண் தூவியது என்றே சொல்வார்கள். கடலையும் காற்றையும் படித்த அந்த அறிவும் முதுசம்தானே. அதே வழியில், அதே அறிவோடு இன்று போய்வருகிற பேரனுக்கு விளக்கமறியல். ரொறன்ரோவில் அவனைப் போன்ற ஒருவனுக்கு மரியாதையான ஒரு சொல் காத்திருக்கிறது. அந்தச் சொல் பொய்யென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உண்மையென்று ஏற்கவும் மனம் வரவில்லை. இந்த இலை இறங்குகிற கரையிலிருந்துதான் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் புத்தகப்பைக்குள்ளும் அது போகிறது. இவ்வளவு முகாமும் இவ்வளவு காவலரணும் உள்ள கரையில் இது எப்படி இறங்குகிறது என்று சனம் கேட்கிறது. அந்தக் கேள்விக்குப் பதில் எழுதுகிற ஊடகப் பிரிவு எங்கும் இல்லை.

அவளுடைய தொழிலுக்கு ஒரு பூர்வீகம் உண்டு, அது இலையோடுதான் தொடங்குகிறது. 1929 மார்ச் 31, உயிர்த்த ஞாயிறன்று நியூயோர்க்கின் ஐந்தாம் நிழற்சாலையில் இளம்பெண்கள் சிகரெட் பற்றவைத்துக்கொண்டு நடந்தார்கள். பெண்கள் தெருவில் புகைப்பது கூடாத காலம். அதைச் சுதந்திரத்தின் தீப்பந்தம் என்று பத்திரிகைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவர் எட்வேர்ட் பெர்னேய்ஸ், புகையிலைக் கொம்பனியின் ஆள். 1954 ஜனவரி 4இல் அமெரிக்காவின் 400க்கு மேற்பட்ட பத்திரிகைகளில் புகைப்பவர்களுக்கு ஒரு மனந்திறந்த அறிக்கை வந்தது. சிகரெட்டுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு நிரூபணமாகவில்லை என்று அது சொன்னது. அதற்குப் பின்னால் நின்றது ஹில் அன்ட் நோல்டன் என்ற மக்கள் தொடர்பு நிறுவனம். அப்பு செத்தது தொண்டைப் புற்றில். அவர் அந்த அறிக்கையைப் படித்ததில்லை, ஆங்கிலமும் தெரியாது, தன் தோட்டத்து இலையில் சுற்றிய சுருட்டைத்தான் குடித்தார். ஆகவே அவருடைய சாவை அவர்கள் தலையில் கட்ட முடியாது. கட்ட முடியாது என்று தெரிந்தும் கை அந்தப் பக்கமே போகிறது. இலங்கையில் கஞ்சாவைத் தடுக்கிற நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கம். ஒரே வருடத்தில் அங்கே ஓர் இலைக்குத் தீப்பந்தம் என்று பெயர், இங்கே இன்னோர் இலைக்கு நஞ்சு என்று பெயர். முதலாவது எத்தனை பேரைக் கொன்றது என்பது இன்று பள்ளிக்கூடப் பாடத்தில் இருக்கிறது.

அதற்கும் முந்தி, எங்கள் பக்கத்துக் காட்டிலிருந்தே கஞ்சா இலைக்கு ஒரு பேச்சாளர் போயிருக்கிறார். கண்டி அரசனிடம் 1660இல் சிறைப்பட்டு 19 வருடம் கழித்துத் தப்பியோடிய ரொபர்ட் நொக்ஸ். வறண்ட வடக்கில் தேங்கிக் கிடந்த கெட்ட தண்ணீரைக் குடித்து நோயுற்றபோது, உலர்ந்த இலையொன்றைச் சர்க்கரைக்கட்டியோடு காலையும் மாலையும் வெறுவயிற்றில் தின்று தேறியதாக 1681இல் வந்த அவருடைய புத்தகத்தில் எழுதினார். போர்த்துக்கேயர் அதை 'பங்க' என்பார்கள் என்று பெயரும் சொன்னார். 1679இல் மன்னாருக்குத் தெற்கே அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தபோது அவருடைய வயிற்றில் அந்த இலை இருந்திருக்கும். பின்னர் இலண்டனில் அவர் விஞ்ஞானி ரொபர்ட் ஹூக்கிடம் அதைப் பற்றிச் சொல்ல, 1689 டிசம்பர் 18இல் ஹூக் றோயல் சொசைற்றியில் அதை வைத்து உரை நிகழ்த்தினார். நொக்ஸ் எதையும் விற்க நினைக்கவில்லை. தின்றேன், தலை கிறுகிறுத்தது, பிழைத்தேன் என்பதே அவர் சொன்னதன் சாரம். ஓர் இலையைப் பற்றி மனிதன் சொல்லக்கூடிய அதிகபட்ச நேர்மை அதுவென்று எனக்குத் தோன்றும். எங்கள் சித்த வைத்தியர்கள் வைத்த பெயர்களிலும் ஓர் அடக்கம் இருக்கிறது: கோரக்கர் மூலி, சிவமூலி. அந்தப் பெயர்களில் ஊர் இல்லை, விலை இல்லை. யார் கையால், எவ்வளவு, எதனோடு சேர்த்து என்று தெரிந்தவர்கள் மட்டும் மெல்லச் சொன்ன பெயர்கள்.

மெல்லச் சொல்கிற காலம் முடிந்துவிட்டது. இலங்கையின் 2022 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில் ஏற்றுமதிக்குக் கஞ்சா பயிரிடுவது பற்றி ஆராய நிபுணர் குழு என்றார்கள். 2025இல் மீரிகமவில் 64 ஏக்கரில் மருத்துவக் கஞ்சா பயிரிட்டு ஏற்றுமதி செய்ய ஏழு வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு அனுமதி என்று செய்தி வந்தது. டொலர், அந்நியச் செலாவணி, வேலைவாய்ப்பு என்ற சொற்கள் கூட வந்தன. அந்த வேலிக்குள் வளரப்போகிற செடிக்கும் ஒரு பணிப்பாளர் வருவார், நல்ல தாளில் அட்டை அடிப்பார். அந்த அட்டை வந்த பிறகும் மணற்காட்டுக் கரையில் பொதிகளை வரிசையாக அடுக்கிப் படம் எடுப்பார்கள். ஒரே நாட்டில், ஒரே இலைக்கு, இரண்டு ஊடகப் பிரிவு.

இரவு மேசைக் காலத்தில் ஒரு தாய் வந்தார். இரவல்ல, பகல் பதினொரு மணி; ஏதோ காரணத்துக்காக நான் அன்று பகலில் போயிருந்தேன். கையில் குடை, உமலுக்குள் மடித்துவைத்த எங்கள் பத்திரிகை. அவர்மீது கருவாட்டு மணமும் திருநீற்று மணமும் சேர்ந்து வந்தது. மகன் படகில் பிடிபட்டவன். வழக்கமாக வந்து, பெயரைப் போடாதேங்கோ என்று கெஞ்சுவார்கள். நான் முந்திக்கொண்டு, "பேர் போடேல்லை அம்மா, முகமும் மறைச்சுத்தான் போட்டிருக்கு" என்றேன். அவர் தலையாட்டினார். "ஓம் தம்பி, பார்த்தனான். பேர் இல்லை. அப்ப ஏன் ஊரைப் போட்டனீங்கள்? எங்கட ஊரில பத்துப் படகுதான். பெட்டைக்குக் கலியாணம் பேசி வைச்சிருக்கிறம்." நான் ஏதோ சொன்னேன். அறிக்கையில் அப்படித்தான் வந்தது, நாங்கள் மாற்ற முடியாது என்ற மாதிரி. அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, குடையை ஊன்றி எழும்பிப் போனார். மாற்ற முடியாது என்பது பொய். எண்ணையும் ஊரையும் மாற்றுவதே என் வேலையாக இருந்தது. பார்க்காத கேரளத்தின் பெயரை இலைக்குக் கொடுத்தேன்; அந்தத் தாயின் ஊர்ப் பெயரை அவருடைய பிள்ளையின் முகத்துக்குப் பதிலாக அச்சடித்தேன்.

போன கிழமை பெறாமகளுக்கு வட்சப்பில் எடுத்தேன். இங்கே இரவு ஏழரை, அங்கே காலை பத்து. அந்தத் தாயின் கதையை முழுதாகச் சொன்னேன். அவள் குறுக்கே பேசவில்லை. அவளுக்குப் பின்னால் யாரோ கோப்பி இயந்திரத்தை இயக்குகிற சத்தம் கேட்டது. "அந்த மனுசி உன்ர ஒவ்வீசுக்கு வந்திருந்தால் நீ என்ன செய்வாய்?" கொஞ்ச நேரம் சத்தமில்லை. "முதல் ஊரின்ர பேரை எடுப்பன் சித்தப்பா." பிறகு, தாழ்ந்த குரலில், "ஆனால் எங்கட ஒவ்வீசுக்கு அவ வரமாட்டா. எங்களுக்குப் பொதுசனம் எண்டால் வேற ஆக்கள்." அழைப்பை வைத்த பிறகு, பரணில் இருந்த நறுக்குக் கோப்பை எடுத்து அந்தச் செய்தியைத் தேடிப் பிடித்தேன். தாள் மஞ்சளாகி ஓரம் உதிர்கிறது. பென்சிலால் தலைப்பிலும் முதல் வசனத்திலும் ஊரின் பெயரை வெட்டிவிட்டு வாசித்துப் பார்த்தேன். வசனம் எங்கும் முறியவில்லை. செய்திக்கு ஒன்றும் குறையவில்லை.